செவந்தி இறந்த சேதியோடு வேதாரண்யத்துக்கு

தஞ்சாவூரில் ரயிலை விட்டு இறங்கியதும் என்னைத் தொந்தரவு செய்த முதல் விஷயம், அங்கே மலை இல்லாதது. நான் பிறந்தது, வளர்ந்தது, வேலை பார்ப்பது எல்லாம் நீலகிரி அடிவாரத்துக் காட்டில். எங்கள் பக்கம் எங்கே திரும்பினாலும் ஒரு மலை வந்து கண்ணை மறிக்கும். இங்கே வானம் தரை வரைக்கும் இறங்கிக் கிடந்தது. ஒளிந்துகொள்ள இடமில்லாத ஊர் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்குக் காரணம் உண்டு. நான் ஒரு சாவுச் செய்தியோடு வந்திருந்தேன்.

எங்கள் தேசியப் பூங்காவில் யானை முகாம் ஒன்று இருக்கிறது. அதன் அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை. ஆனால் அதற்காக யாரும் என்னை நினைவில் வைத்திருக்கவில்லை. மாதம் பிறந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை கைபேசியில் 'முகாம் செய்தி' பேசி அனுப்புவேன். யாருக்கு மாற்றல், யார் வீட்டில் குழந்தை, யாருடைய சமையலறை ஓட்டைக் காட்டு யானை பிரித்தது, எந்த வளர்ப்பு யானைக்கு வயிறு சரியில்லை, எல்லாம் அதில் வரும். வேலையில் இருப்பவர்கள், ஓய்வு பெற்று எங்கெங்கோ போய்விட்டவர்கள், எல்லோரும் கேட்பார்கள். எங்களுக்கு மனிதர் செய்தி, யானைச் செய்தி என்று தனித்தனிப் பக்கம் கிடையாது.

ஐப்பசி மழையில் ஒரு விடிகாலை, முகாமின் மூத்த யானை, கிழவி செவந்தி, ஆற்றோரம் படுத்தாள். எழுந்திருக்கவில்லை. அந்தச் செய்தியை நான் அழுதுகொண்டே பேசி எல்லோருக்கும் அனுப்பினேன், ஒரே ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் வைரக்கண்ணு அண்ணன். வேதாரண்யம் பக்கத்துக்காரர். இளவயதில் ரோடு போடும் கும்பலோடு எங்கள் மலைக்கு வந்தவர், முகாம் சமையல்காரராகவே தங்கிவிட்டார். எங்கள் முகாமில் சமையல் என்றால் யானைக்குச் சமையல். கேழ்வரகு, கொள்ளு, அரிசி எல்லாம் அண்டாவில் வெந்து, கட்டியாகி, கவளமாக உருண்டு யானையின் வாய்க்குள் போகும். செவந்திக்கு உப்பு ஒரு சிட்டிகை குறைந்தாலும் பிடிக்காது. கவளத்தை வாங்கி, ஒரு மெல்லு மென்று, அண்ணனின் காலடியில் துப்புவாள். அவர் அவளை வாய்க்கு வந்தபடி திட்டுவார். பிறகு மடியிலிருந்து வெல்லத்தை எடுப்பார். கட்டின பெண்டாட்டியை ஊரில் விட்டுவிட்டு இங்கே ஒரு யானையிடம் பேச்சு வாங்குகிறாரே என்று நாங்கள் கேலி செய்வோம்.

ஓய்வு பெற்று ஊருக்குப் போன பிறகும் ஞாயிறு தவறாமல் போன் வரும். ஒவ்வொரு பொங்கலுக்கும் தன் வயலில் குறுவைக்கு விளைந்த புது அரிசியோடு வந்து இறங்குவார். முகாமில் யானைப் பொங்கல் அந்த அரிசியில்தான். இந்த வருஷம் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னாலேயே செவந்தி போய்விட்டாள். அவருடைய மகள் செல்வி போன் செய்து, "அப்பாவுக்கு இப்ப தெரிய வேணாம்க்கா" என்று கெஞ்சினாள். அதனால் அவருக்கு மட்டும் தனியாக ஒரு முகாம் செய்தி தயாரித்து அனுப்பினேன். 'செவந்தி நன்றாக இருக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள்.' அடுத்த மாதமும் அதையே சொன்னேன்.

மார்கழியில் அண்ணன் போன் செய்தார். அரிசி மூட்டை கட்டியாகிவிட்டது, பொங்கலுக்கு வருகிறேன் என்றார்.

வந்து இறங்கி, செவந்தியின் கட்டுத்தறி வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்தால் என்ன ஆகும்? யாராவது முன்னால் போய்ச் சொல்ல வேண்டும். போனில் சொல்லலாம் என்றால், அதற்கும் அவரே வழியை அடைத்து வைத்திருந்தார். முன்பு ஒரு கிழ மாவுத்தர் இறந்தபோது அவர் மகனுக்குப் போனில் சொல்லிவிட்டார்கள். அதற்கு அண்ணன் சமையற்கட்டையே அதிர வைத்தார். "எங்க ஊர்ல சாவச் சொல்ல ஆள் வரும். நடந்து வந்து, மூஞ்சியப் பாத்துச் சொல்லும்" என்றார். மாவுத்தர்கள் யானைகளை விட்டுவிட்டு வர முடியாது. ரேஞ்சர் கூட்டம் போட்டார். எல்லோருடைய கண்ணும் என் பக்கம் திரும்பியது. பொய் சொன்னவள் நான்தானே, வேறு யாரைப் பார்ப்பார்கள்.

தஞ்சாவூரில் முதல் நாள் செல்வியைப் பார்த்தேன். ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இடைவேளையில் என்னைப் பக்கத்து மெஸ்ஸுக்கு அழைத்துப் போய், கேட்காமலே இரண்டு சாப்பாடு சொன்னாள். சோற்றைக் குவித்தார்கள். எங்கள் பக்கம் அந்த அளவை ஒரு குடும்பம் சாப்பிடும். இங்கே ஒரு கல்லூரிப் பெண் அதை முடித்துவிட்டு ரசத்துக்கு மறுசோறு கேட்டுக்கொண்டிருந்தாள்.

செல்வி சாப்பிடவில்லை. "நாளன்னைக்கு சாயங்காலம் நான் டூட்டி முடிச்சு ஊருக்கு வர்றேன். நான் பக்கத்துல இருக்கும்போது சொல்லுங்க. பிரஷர் பாத்து, மாத்திரை குடுத்துட்டு, மெதுவா சொல்லுவோம். அதுவரைக்கும் நீங்க ஊரு சுத்திப் பாக்க வந்தீங்க. அவ்ளோதான்."

"நான் மூஞ்சியிலயே காட்டிக் குடுத்திடுவேன் செல்வி."

"போன்ல ரெண்டு மாசம் நல்லாத்தானேக்கா சமாளிச்சீங்க" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது.

ஆக, கையில் ஒரு முழுநாள் மிச்சம். கும்பகோணத்துக்குப் போனேன். முகாமுக்கு நீளக் காம்பு வைத்த பெரிய கரண்டி ஒன்று வேண்டும் என்று சமையற்கட்டில் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது ஒரு சாக்கு. உண்மையில், வேதாரண்யத்துக்குப் போகாமல் இருக்க எந்த ஊராக இருந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

கும்பகோணத்தில் காபி குடித்தேன். நான் தேயிலைக் காட்டுக்காரி, காபியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. பித்தளை டவராவில் நுரை தளும்ப வைத்தார்கள். ஆற்றிக் குடித்த பிறகு என் அபிப்பிராயத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டேன். வீதியில் மனிதர், மாடு, டவுன் பஸ், பூக்காரம்மா, கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்த குடும்பம், எல்லாம் ஒரே இடுக்கில் நுழைய, யாரும் யாரையும் இடிக்கவில்லை. எங்கள் ஊரில் இவ்வளவு நெருக்கம் இருந்தால் யானை வந்துவிட்டது என்று அர்த்தம்.

பாத்திரக் கடைக்காரர் கரண்டிகளை எடுத்துப் போட்டார். "கல்யாணச் சமையலுக்கா, கோயில் அன்னதானத்துக்கா?"

"யானைக்குங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார். "நெசமாவா? என்ன பேரு அதுக்கு?"

"செவந்தி. உப்புக் குறைஞ்சா துப்பிடுவா" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. முகாமில் எத்தனையோ யானைகள் இருக்க, இறந்தவளின் பெயர்தான் வாயில் வந்தது. அவளை உயிரோடு வைத்துப் பேசுவது அதற்குள் எனக்குப் பழகிப் போயிருந்தது. கடைக்காரர் சந்தோஷமாகக் காகிதம் சுற்றிக் கொடுத்தார். யானைக்கு என் பேரைச் சொல்லுங்க என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, கரண்டியைக் கட்டிக்கொண்டு நடுவீதியில் அழுதேன். ஒரு பூக்காரம்மா நகர்ந்து எனக்கு நிழலில் இடம் விட்டாள். ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் பஸ். மன்னார்குடி வரை தூங்கினேன். திருத்துறைப்பூண்டியில் மாறி ஏறிய பஸ் கொஞ்ச தூரம் போய், ஒரு வாய்க்கால் மதகு பக்கத்தில் பெரிதாக முனகிவிட்டு நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி அடியில் பார்த்தார். கண்டக்டரும் பார்த்தார். பிறகு இருவரும் பயணிகளைப் பார்த்தார்கள். அடுத்த பஸ் வரும், அதில் ஏற்றிவிடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் பீடி பற்ற வைத்தார்கள்.

மதகுக் கட்டையில் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் சம்பா கதிர் பிடித்து, தலை சாய ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் காலி அலுமினியக் கூடையோடு ஒரு அம்மா வந்து அமர்ந்தார். வேதாரண்யம் பக்கத்து மீனவக் குடும்பம். விடிகாலையில் மீனோடு உள்ளூர்களுக்குப் போய் விற்றுவிட்டுத் திரும்புகிறவர்.

"எந்த ஊரும்மா? மூஞ்சி இந்தப் பக்கம் மாரி இல்லியே."

மலையிலிருந்து வருவதாகச் சொன்னேன்.

"என்னா விசேசம்?"

முன்பின் தெரியாதவரிடம் உண்மை சொல்வது எத்தனை சுலபம். "ஒரு சாவு சொல்லப் போறேங்க" என்றேன்.

"கேதம் சொல்லவா? ஐய. யாரு?"

"ஒரு யானைங்க. அதுக்குச் சமைச்சுப் போட்டவரு இந்த ஊர்க்காரரு."

அவர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். "சோறு போட்ட கையின்னா கேதந்தான். சரி, மொற தெரியுமா ஒனக்கு?"

தெரியாது என்றேன். அவர் கூடையை நகர்த்தி வைத்துவிட்டு விளக்கமாகச் சொன்னார். கேதம் சொல்லப் போறவ வாசலைத் தாண்டக் கூடாது. நின்னபடி சொல்லணும். அந்த வூட்டுத் தண்ணியத் தொடக் கூடாது. "கேதம் சொன்ன வாயி அந்த வூட்டுத் தண்ணியில நனைஞ்சா, சாவு அங்கியே தங்கிடும்பாங்க. சொல்லி முடிச்சா திரும்பிடணும். போயிட்டு வர்றேன்னு சொல்லிடாத தாயி."

நான் படித்தவள். இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. ஆனால் ஸ்டென்ட் வைத்த நெஞ்சு இருக்கிற வீட்டுக்குப் போகும்போது நம்பாமல் இருப்பது அத்தனை லேசாக இல்லை. தண்ணீர் குடித்து, சாப்பிட்டு, ஊர் சுற்ற வந்தவளாக நடித்து, சாயங்காலம் அதே வாயால் செவந்தி செத்துவிட்டாள் என்று சொல்வதா? வேண்டாம், பஸ் நிறுத்தத்து டீக்கடையிலேயே செல்வி வரும் வரை உட்கார்ந்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அடுத்த பஸ் வந்தது. மீன்கார அம்மாள் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். என் நிறுத்தம் வந்ததும், "நேராப் பாத்துச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினார்.

டீக்கடை பூட்டியிருந்தது. நிழலுக்கு ஒரு தென்னைகூட இல்லை. புயல் சாய்த்த தென்னைகளின் அடிக்கட்டைகள்தான் வரிசையாக நின்றன. இடையிடையே புதுக் கன்றுகள் இடுப்பளவு உயரத்தில் இருந்தன. நான் சாலையில் கரண்டியும் பையுமாக நின்றேன். எங்கள் காட்டில் நாலடி நடந்தால் ஒரு மரத்துக்குப் பின்னால் போய்விடலாம். இங்கே நான் நிற்பது ஊருக்கே தெரிந்தது. வயல் வரப்பில் ஒரு தலை நிமிர்ந்தது.

"மேகலாவா அது? ஏ தங்கச்சி!"

வைரக்கண்ணு அண்ணன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் ஓட்டமும் நடையுமாக வந்தார். ஓடாதீர்கள் என்று கத்தினேன். இளைத்திருந்தார். சிரிப்பு மட்டும் இளைக்கவில்லை. "சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிற! நானே பொங்கலுக்கு வர்றேன்னு சொன்னேன்ல? என்னா அது கையில, கரண்டியா? குடு பாப்பம். காம்பு கட்டைம்மா இது. ஆவியில கையி வெந்துடும்." வாங்கிய பொருள் எதையும் குறை சொல்லாமல் அவர் கையில் வாங்கியதில்லை.

வீடு பக்கத்திலேயே இருந்தது. அரசாங்கம் கட்டிக் கொடுத்த சின்னத் தளம் போட்ட வீடு, முன்னால் மூங்கில் படல். அவர் உள்ளே போய்விட்டார். நான் படலுக்கு வெளியே நின்றுவிட்டேன். அவர் மனைவி அஞ்சம்மாள் அண்ணி சொம்பில் தண்ணீரோடு வந்தார்.

"வாம்மா, வா. வெயில்ல வந்துருக்க. இந்தா."

மலைக்காரிக்கு மார்கழி வெயிலும் வெயில்தான். நாக்கு ஒட்டிக்கொண்டது. முதுகில் வேர்வை ஓடியது. சொம்பை வாங்க என் கை போகவில்லை.

"இருக்கட்டும் அண்ணி."

"ஏன் அங்கியே நிக்கிற? உள்ள வா" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே. செல்வி வரட்டும்."

"தண்ணியக் குடி மொதல்ல."

"தாகமில்லண்ணே."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாக அடங்கியதைப் பார்த்தேன். சொம்பைப் பார்த்தார். என் உதட்டைப் பார்த்தார். படலுக்கு வெளியே நின்ற என் காலைப் பார்த்தார். செல்வி போட்ட திட்டம், மாத்திரை, பிரஷர் எல்லாம் அந்த வாசலில் அப்போதே முடிந்துவிட்டன. நான் சேதியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. முறை தெரிந்தவள் மாதிரி நின்றேன், அவ்வளவுதான்.

"யாரு?" என்றார்.

வாயைத் திறந்தேன். அவர் சட்டென்று கையை உயர்த்தினார். "இரு. சொல்லாத. உள்ள வா. சாப்புடு. அப்பறமாச் சொல்லு."

"சாப்பிடக் கூடாதாமேண்ணே. தண்ணிகூட..." எனக்கு அழுகை முட்டியது. "பஸ்ல ஒரு அம்மா சொன்னாங்க. முறையாம்."

"மொறையா?" அண்ணன் படலைப் பிடித்துக்கொண்டார். "எங்கப்பாரு பண்ணையில ஆளு வேலை செஞ்சவரு, தெரியுமா ஒனக்கு? பண்ணையார் வூட்ல சாவு வுழுந்தா கேதம் சொல்ல அவருதான் போவணும். ஊரு ஊரா நடை. சேத்துல, மழையில. போயி வாசலுக்கு வெளிய நின்னு கும்புட்டுச் சொல்லணும். ஒரு வூட்லயும் ஒரு வாய்த் தண்ணி குடுக்க மாட்டான். கேதம் சொல்ல வந்தவனுக்குக் குடுக்கக் கூடாதும்பான். கேதம் சொல்லாத நாள்ல மட்டும் குடுத்தானாக்கும்?"

மூச்சு வாங்கியது. அண்ணி அவர் தோளைத் தொட்டார். அவர் தணிந்த குரலில் சொன்னார். "வாய் ஒலந்து போயித்தான் திரும்பி வருவாரு. சின்னப் புள்ளையில பாத்துருக்கேன். என் வூட்டு வாசல்ல ஒருத்தர் அப்புடி நிக்கக் கூடாது, தங்கச்சி. எந்தச் சேதி கொண்டாந்தாலும் சரி. உள்ள வா."

அவரே படலை அகலத் திறந்தார். நான் உள்ளே போனேன். சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன். தண்ணீர் லேசாக உப்புக் கரித்தது. அந்த ஊர்த் தண்ணீரே அப்படித்தானாம்.

மடவை மீன் குழம்பு, முருங்கைக்கீரை, சோறு. அண்ணனே பரிமாறினார். தான் சாப்பிடவில்லை. எதிரில் குந்தி உட்கார்ந்து, என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு கரண்டி" என்றார். போதும் என்று கை மறித்தால் கேட்கவில்லை. சேதியைக் கேட்க அவருக்குப் பயம் என்று எனக்குப் புரிந்தது. எனக்கும் சொல்லப் பயம். இரண்டு பேரும் சேர்ந்து அந்தச் சாப்பாட்டை முடிந்த மட்டும் நீட்டினோம். சுவர் ஓரத்தில் அரிசி மூட்டை வாய் தைத்து நின்றது.

கை கழுவி வந்து உட்கார்ந்தேன். நேராகப் பார்த்தேன்.

"அண்ணே, செவந்தி போயிட்டா."

அவர் அசையவில்லை. அண்ணிதான் வாயைப் பொத்திக்கொண்டார். "எப்ப?" என்றார் அண்ணன்.

"ஐப்பசியில."

"ம்." மூட்டையைப் பார்த்தார். "நீ பேசி அனுப்புனதக் கேட்டுட்டு இவகிட்ட சொன்னேன். கேளு. செவந்தி நல்லா இருக்கா, நல்லா சாப்புடுறான்னு மேகலா சொல்லுது. துப்புனான்னு சொல்லல. சங்கிலிய இழுத்தான்னு சொல்லல. ரெண்டு மாசமா ஒரு பொல்லாப்பும் இல்ல. அவ பொல்லாப்பு இல்லாம இருக்குறவளாடி, என்னமோ இருக்குன்னு சொன்னேன். நீதான் சும்மா இருங்கன்னு சொன்ன." கடைசி வாக்கியம் அண்ணியைப் பார்த்து.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்கே படுத்தாள்? ஆற்றோரம். வலி பட்டாளா? இல்லை, மாவுத்தர் மாதன் தும்பிக்கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே இருந்தார். முந்தின நாள் கவளம் யார் போட்டது?

"புதுசா வந்த சமையல்காரர்ணே."

"துப்பியிருப்பாளே."

"துப்பிட்டாண்ணே. அவர் சட்டை மேலயே."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கிய வாய் அப்படியே கோணி, அழுகையாகிவிட்டது. தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சத்தமாக அழுதார். என் அப்பா இறந்தபோதுகூட ஒரு ஆண் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன். பொய் சொன்ன இரண்டு மாதத்துக்கும் சேர்த்து அழுதேன்.

சாயங்காலம் செல்வி பிரஷர் மானியோடு வந்து இறங்கினாள். எங்கள் முகங்களைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துபோயிற்று. என் மேல் சரியான கோபம். "ஒரு சாயங்காலம் பொறுக்க முடியலியாக்கா ஒங்களுக்கு?" என்றாள். அண்ணன் கையில் பட்டையைச் சுற்றி அளந்தாள். கூடத்தான் இருந்தது, பயப்படும்படி இல்லை. மாத்திரையைக் கொடுத்தாள். "அந்தப் புள்ளைய ஏன் வையிற? அது ஒண்ணுமே சொல்லல. தண்ணி வேணாம்னுச்சு, அவ்ளோதான்" என்றார் அண்ணன். செல்வி என்னைப் பார்த்தாள். தாத்தா கதை அவளுக்கும் தெரியும் போல. பேசாமல் உள்ளே போய் எனக்குப் பாய் எடுத்து வந்து போட்டாள்.

மறுநாள் காலை கிளம்பினேன். அண்ணன் அரிசி மூட்டையை மொபெட்டின் முன்னால் தூக்கி வைத்துக் கட்டினார். மகள் தடுத்தும் கேட்கவில்லை. "அவ இல்லாட்டி என்னா, மத்ததுங்களுக்கு வாயி இல்லியா? பொங்க வச்சுப் போடுங்க. நான் இந்த வருசம் வரல. அந்தத் தறியப் பாக்க முடியாது என்னால." நான் பையை எடுத்துக்கொண்டு, மீன்கார அம்மாள் சொன்னது ஞாபகம் வர, ஒன்றும் சொல்லாமல் படலைத் தாண்டினேன்.

"என்னம்மா, சொல்லிக்காமப் போற?" என்றார் அண்ணி.

"போயிட்டு வர்றேன் அண்ணி" என்றேன். அவர் வாசல் வரை வந்து, என் கையை இரண்டு கையாலும் பிடித்து அனுப்பினார்.

பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் உப்பளம் வருகிறது. மழைக்காலம் என்பதால் பாத்திகளில் வெறும் தண்ணீர். போன கோடையில் வாரிய உப்பைக் கரையில் குவித்து, கீற்று போர்த்தி வைத்திருந்தார்கள். கீற்று விலகிய இடத்தில் பழுப்பு கலந்த வெள்ளை தெரிந்தது. அண்ணன் மொபெட்டை நிறுத்தினார். காலை ஊன்றிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"அவளப் பொதைச்ச குழியில உப்பு போட்டீங்களா?"

"போட்டோம்ணே. நிறைய. மூட்டை மூட்டையா லாரியில வந்துச்சு."

"எந்த ஊரு உப்பு?"

எனக்குத் தெரியாது. அன்றைக்கு மழை கொட்டிக்கொண்டிருந்தது. கால்நடை டாக்டருக்குக் குடை பிடித்தபடி, செவந்தி பக்கம் பார்க்காமல் இருக்க என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். ஆட்கள் தலைச்சுமையாக மூட்டையைக் கொண்டுபோனார்கள். மூட்டையில் என்ன எழுதியிருந்தது என்று சத்தியமாக நான் பார்க்கவில்லை.

"வேதாரண்யம்னு போட்டிருந்துச்சுண்ணே" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நேற்று சொம்பையும் என் உதட்டையும் பார்த்த அதே பார்வை. என் குரல் எனக்கே கேட்டது. செவந்தி நன்றாக இருக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று சொன்ன குரல்.

"ஆனா ரெண்டு மூட்டை ஓட்டைண்ணே" என்றேன் அவசரமாக. "லாரியிலேர்ந்து குழி வரைக்கும் வழியெல்லாம் கொட்டிக்கிட்டே போச்சு. பாதி உப்பு மழையில கரைஞ்சிடுச்சு. ரேஞ்சர் எங்களப் புடிச்சுச் சத்தம் போட்டாரு."

அண்ணன் முகம் இளகியது. கீற்று போர்த்திய குவியல் பக்கம் திரும்பி, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க ஊரு மூட்டைதான்" என்றார். "நம்ம ஆளுவோளுக்குச் சாக்கு தைக்கவே தெரியாது."

மொபெட்டைக் கிளப்பினார். பஸ் நிலையம் வரும் வரை அந்தச் சாக்குத் தைக்கிறவர்களைத் திட்டிக்கொண்டே வந்தார்.